ரொட்டியும் பால்திரட்டும்: அடுப்படியில் ஒரு வேதியியல் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

உடல் நலத்திற்கு உணவே அடிப்படை என்பதை எல்லோரும் அறிவோம். ஆயினும், அன்றாடம் உண்பதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வகுப்பறையில் படிக்கும் வேதியியலை அடுப்படிக்குக் கொண்டு சென்றால் அந்தக் கணக்கு எளிதில் விளங்கும். அதற்கு எடுத்துக்காட்டாக, ‘சீஸ் டோஸ்ட்’ எனப்படும் சிற்றுண்டியை நம் வீட்டு முறையில் செய்வது பற்றி இங்கே கூற விழைகிறேன்.

நம் செட்டிநாட்டுப் பகுதியில் மாலையில் உண்பதை ‘இடைப்பலகாரம்’ என்போம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம் எனப் பட்டியல் நீளும். சுவையில் குறைவில்லை, ஆனால் இவையெல்லாம் எண்ணெயில் வேகின்றவை. விசேட நாள்களுக்கு ஏற்றவை. நாள்தோறும் உண்ணத் தக்கவை அல்ல. கல்லூரி விட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் நம்மில் பலர் ஒரு தேநீர், ஒரு வடை அல்லது பன் என்று மாலைப் பசியை முடித்துக்கொள்கிறோம். வயிறு நிறைகிறது, புரதம் போதிய அளவு சேர்வதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராமும் புரதம் தேவை.

எந்தச் சீஸ் நல்லது?

கடைகளில் கட்டியாகவும் வில்லைகளாகவும் கிடைப்பது பதப்படுத்திய சீஸ். பாலை ரென்னட் என்னும் நொதியால் திரளச் செய்து, உப்பிட்டு முதிரவைத்து, பின்னர்ச் சில சோடியம் உப்புகளுடன் சேர்த்து உருக்கி வார்க்கிறார்கள். ஆகவே அதில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்க என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. விலையும் நம்மைப் போன்றோர் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. எனவே வீட்டிலேயே செய்யும் பனீர், அதாவது பால்திரட்டு, நமக்கு ஏற்றது. அதில் எவ்வளவு உப்பு என்பது நம் கையில் இருக்கிறது.

பால் ஏன் திரிகிறது?

எங்கள் வீட்டில் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆள் நான். காய்ச்சிய பாலருகே எலுமிச்சைச் சாற்றுடன் நான் நின்றபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல பாலை யாராச்சும் வேணுமின்னு திரிய விடுவாகளா? பால் திரிஞ்சா வீட்டுக்கு ஆகாதுடி” என்றார். அரை லிட்டர் என்பது எங்களுக்கு ஒரு நாளைக்கான பால். அவர் தயங்கியதில் வியப்பில்லை. நான் படித்ததை என் வீட்டாருக்கு விளங்கும்படி சொல்ல முடியுமா என்பதற்கு அதுவே எனக்குத் தேர்வாக அமைந்தது.

பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன். இதன் நுண்துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பாலில் மிதக்கின்றன. பாலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 6.6. அமிலம் சேரும்போது இம்மதிப்பு குறைகிறது, 4.6-ஐ நெருங்கும்போது மின்சுமை சமனாகித் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. கொதித்த சூட்டில் அதற்கு முன்னரே திரண்டுவிடும். கெட்டுப்போன பாலில் எந்தக் கிருமி அமிலத்தை உண்டாக்கியது என்று நமக்குத் தெரியாது. இங்கோ, கொதித்த பாலில் நாமே எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்கிறோம். தயிர் உறைவதும் அமிலத்தால்தான். அதை நாம் நல்ல சகுனமாகவே கொள்கிறோம். இதைச் சொன்னதும், “அப்ப இதுவும் தண்ணி வடிச்ச தயிரு மாதிரிதான்” என்று கையை விட்டார் அம்மா.

செய்முறை

இரண்டு பேருக்கு வேண்டியவை: பால் அரை லிட்டர், எலுமிச்சம்பழம் 1, ரொட்டித் துண்டு 4, சின்ன வெங்காயம், விதை நீக்கிய தக்காளி, துருவிய கேரட், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, மிளகுத் தூள், சிறிது உப்பு, சில சொட்டு நல்லெண்ணெய். 3 விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்திய பாலே போதும்.

பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்குக. சாற்றுடன் அதே அளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுக. வெளிர்பச்சை நீர் தெளிந்து பிரிந்ததும் சாறு ஊற்றுவதை நிறுத்துக. மெல்லிய துணியில் வடித்து, தண்ணீர் விட்டு ஒருமுறை அலசி, அரை மணி நேரம் தொங்கவிடுக. வடித்த முதல் நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்திலும் சேர்க்கலாம். திரட்டை உதிர்த்து, பொடியாக நறுக்கிய காய்களுடன் பிசைக. ரொட்டியின் ஒரு பக்கத்தைத் தோசைக்கல்லில் வாட்டித் திருப்பி, வாட்டிய பக்கத்தின் மேல் கலவையைப் பரப்பி, மூடியிட்டு, இளந்தீயில் மூன்று நிமிடம் வைத்து எடுக்கலாம். இது கடைச் சீஸைப் போல உருகி இழையாது. அமிலத்தால் திரண்டபோது, கேசீனைப் பிணைத்திருந்த கால்சியத்தில் பெரும்பகுதி நீரோடு பிரிந்துவிடுவதே அதற்குக் காரணம்.

சத்துக் கணக்கு

இவ்வாறு உண்ணும் இரண்டு துண்டுகளில் சுமார் 11 கிராம் புரதம் கிடைக்கும். இது ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ கால் பங்கு. அளவைவிடத் தரம் முக்கியம். கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பால் புரதத்தில் அது நிறைய உண்டு. ஆகவே ரொட்டியின் குறையைப் பால் ஈடு செய்கிறது. வெறும் ரொட்டியை நான்கு துண்டு தின்பதைவிட, திரட்டு பரப்பிய இரண்டு துண்டு மேலானது.

ரொட்டி பொன்னிறமாவதும் வேதிவினையே. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு அறிவியலறிஞர் மெயிலார்டு 1912-இல் இதனை விளக்கினார். இவ்வினை அளவு மீறினால் லைசினே செலவாகிவிடும். கருகிய ரொட்டியில் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் மிகுதி என்பதும் 2002 முதல் அறிந்த செய்தி. பொன்னிறம் வரட்டும்; கரி ஏற விட வேண்டாம்.

‘பிரவுன் பிரெட்’ என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. நிறத்திற்காகக் கேரமல் சேர்ப்பதுண்டு. உறையில் முதலில் அச்சிட்டிருப்பது முழுக் கோதுமை மாவா, மைதாவா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆதலால் கீரையையும் பயறுகளையும் இச்சிற்றுண்டி ஈடு செய்துவிடும் என்று எண்ணலாகாது. தேநீரிலுள்ள டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நன்று.

சுண்டலும் பயறும் நம் மண்ணின் மலிவான புரத உணவுகள். அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் வடைக்குப் பதிலாக இதனைச் செய்து உண்ணலாம். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற வந்திருக்கும் நம் கல்வியின் பயன் சான்றிதழோடு நின்றுவிடலாகாது. அது நம் வீட்டுத் தட்டிலும் தெரிய வேண்டும்.