போனுக்கு வந்தது நகல், படம் கார்டில் இருந்தது

கேமராவிலிருந்து போனுக்கு வைஃபையில் படம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு வேகமாகப் போகும் என்பது. கேட்க வேண்டியது, எந்த அளவில் போகும் என்பது. இதைக் கேட்காத ஒருவரால், குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் எடுத்த படங்கள் மொத்தமும் போயின. பழி மட்டும் என் கேமரா மேல் விழுந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இணைக்கிற வேலை சுலபம். கேமரா கம்பெனியின் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேமரா மெனுவில் வைஃபையைப் போட்டால் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வரும், புதிய மாடல் என்றால் க்யூஆர் கோடு வரும். ஆண்ட்ராய்டு லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் பல போன்களுக்குக் கேமரா கண்ணிலேயே படாது. ஐபோனில் அதே இடத்தில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி. அவ்வளவுதான்.

எஸ்டேட்டுக்குள் போனதும், “இங்கே டவரே இல்லையே, எப்படிப் போகும்?” என்று யாராவது கேட்பார்கள். டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேமரா தானே ஒரு வைஃபையை உண்டாக்குகிறது, போன் நேராக அதில் சேர்கிறது. கொடநாடு போகிற வழியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத சரிவில் நின்றுகொண்டு நான் படங்களை மாற்றியிருக்கிறேன். சிக்னல் நன்றாக வரும் ஊட்டி சேரிங் கிராஸில்தான் தொல்லை. கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். படம் பாதியில் நிற்கும். மாற்றி முடிக்கும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். ‘இன்டர்நெட் இல்லை, இணைப்பில் தொடரலாமா?’ என்று போன் கேட்டால் தொடரச் சொல்லுங்கள். மூடுபனி சிக்னலை மறைத்துவிடும் என்பதும் சும்மா பேச்சு. பத்தடி தூரத்துக்குப் பனி ஒன்றும் செய்யாது; குறுக்கே நிற்கிற ஆளும், ஃபேக்டரிக்குள் இருக்கிற இரும்பும்தான் தடுக்கும். குளிர் வேறு விஷயம். தலைக்குந்தாவில் உறைபனி விழுகிற மாதங்களில் பேட்டரி சட்டென்று இறங்கும், வைஃபை அதை இன்னும் இழுக்கும். இன்னொரு பேட்டரியை ஸ்வெட்டருக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

இனி அந்தத் தோட்டத்து விஷயம். கண்காட்சி ஒன்றில் தோட்டத்துக்காரர்கள் போடப்போகிற கடைக்கு ஆறடி அகலத்தில் பேனர் வேண்டும், அதற்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். நடுவில் கோயம்புத்தூர் விளம்பர ஏஜென்சி ஒன்று. கார்டு ஏஜென்சியுடையது, கேமரா என்னுடையது. அதில் ஒரே கார்டுக்குத்தான் இடம். விடிந்தும் விடியாமலும் தோட்டத்தில் இறங்கினோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் சாய்வாக விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், கொழுந்து பறிக்கிற வயதான அம்மா ஒருவரின் கையை எடுத்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு, மொட்டின் நுனியில் பனித்துளி. விரல் வெடிப்புகளில் ஏறியிருந்த தேயிலைக் கறைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. எத்தனையோ வருஷமாகக் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்து வருகிற எனக்கு அப்படி ஒரு படம் அடிக்கடி அமைவதில்லை.

சாயங்காலம் ஏஜென்சித் தம்பி கேமராவை வாங்கித் தன் போனோடு இணைத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாப் படமும் வந்துவிட்டது. நான் டீ குடித்துத் திரும்புவதற்குள், “அண்ணா, எல்லாம் போன்ல ஏறிடுச்சு, கார்டை ஃபார்மேட் பண்ணிட்டேன்” என்றார். மறுநாள் காலையில் அதே கார்டைத் தங்கள் வீடியோ கேமராவில் போட்டு நிரப்பியும்விட்டார்கள்.

பேனர் அச்சுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போனில் இருந்தவை 2 மெகாபிக்சல் நகல்கள். என் கேமரா எடுப்பது 24 மெகாபிக்சல், அகலத்தில் 6,000 புள்ளி. நகலில் ஏறக்குறைய 1,600 புள்ளிதான். ஆறடி என்பது 72 அங்குலம். ஒரிஜினல் இருந்திருந்தால் அங்குலத்துக்கு 83 புள்ளி கிடைத்திருக்கும், கடையில் தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது தாராளம். நகலில் 22. அந்த அம்மாவின் விரல்கள் களிமண் பிடித்தது போல வந்தன. கூடவே எடுத்திருந்த ரா ஃபைல்கள் போனுக்கு வரவே இல்லை. “கேமரா பழசு, அதான் தெளிவு இல்லை” என்று ஏஜென்சி எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டது. பாக்கிப் பணமும் குறைந்தது.

இப்படி ஆவதற்குக் கேமராவில் கோளாறு எதுவும் வேண்டியதில்லை. சீக்கிரம் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகச் செயலிகளே படத்தைச் சுருக்கி அனுப்பும். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் புளூடூத்தில் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சல் நகல்தான். சோனி செயலியில் ‘ஒரிஜினல்’, ‘2எம்’ என்று தேர்வு உண்டு. ஃபியூஜியில் சுருக்கி அனுப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. உங்கள் செயலியின் செட்டிங்கில் அளவு என்ற வரியைத் தேடி ‘ஒரிஜினல்’ என்று மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

நகல் வேறு, ஒரிஜினல் வேறு என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. தொழிற்சாலை இப்போது இல்லை, அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய், பிரிண்ட் கையில் வந்துவிட்டதே, நெகட்டிவை எரித்துவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கார்டில் இருப்பது நெகட்டிவ். போனில் இருப்பது பிரிண்ட்.

இப்போது யார் வேலை கொடுத்தாலும் கார்டு என்னுடையதுதான், கேமராவும் என் கழுத்தை விட்டு இறங்காது. உடனே பார்க்க வேண்டும் என்றால் வைஃபையில் அனுப்புவேன். ஒரிஜினலை வீட்டுக்குப் போய் கார்டு ரீடரில் லேப்டாப்புக்கும், பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கும் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கும். யாராவது அவசரப்பட்டுக் கார்டை அழித்துவிட்டால் அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மேலே எதுவும் பதியாதவரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும். என் படங்களுக்கும் அந்த வழி இருந்தது, வீடியோவை ஏற்றாமல் இருந்திருந்தால்.

கேமரா பழசு என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். அந்த எஸ்டேட் ஆபீஸில் யாராவது இதைப் படித்தால், ஏஜென்சி கொடுத்த படங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பாருங்கள். அளவு அதிலேயே எழுதியிருக்கிறது.