தூய உள்ளமும் தனிமைச் செபமும்

முன்னுரை

நாள்தோறும் நாம் குளிக்கிறோம். துவைத்த சீருடை அணிகிறோம். தலைவாரிப் பின்னலிட்டுப் பள்ளிக்கு வருகிறோம். புறத்தூய்மைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அகத்தூய்மைக்குச் செலவிடுகிறோமா? மனத்தில் மாசில்லாதிருப்பதே அறம் என்று வகுத்தார் வள்ளுவர். இயேசு பெருமானோ கடவுளைக் காணும் பேற்றைக் கற்றவர்களுக்கும் செல்வர்களுக்கும் வாக்களிக்கவில்லை. உள்ளத்தூய்மை உடையவர்களுக்கே வாக்களித்தார். அத்தூய்மையைப் பெறத் தனிமை எவ்வாறு உதவும் என்பதை, நம் தென்பாண்டிச் சீமையோடு தொடர்புடைய ஒரு புனிதரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

இயேசு காட்டிய வழி

இயேசு தம் பணியைத் தொடங்குமுன் 40 நாள் பாலைவனத்தில் தனித்திருந்தார். கப்பர்நாகூமில் நோயாளிகள் பலரைக் குணமாக்கிய பின், விடியுமுன் எழுந்து ஆளில்லாத இடத்திற்குச் சென்று செபித்தார். ஆயினும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை; மீண்டும் மக்களிடையே சென்றார். எனவே தனிமை என்பது மனிதரை வெறுத்து ஓடுவதன்று. இறைவனோடு இருந்துவிட்டு மனிதரிடம் திரும்புவதே ஆகும்.

தனிமையில் நிகழ்வது என்ன?

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் தாமிரபரணி கலங்கி ஓடும்போது படித்துறையின் கீழ்ப்படிகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் தெளிந்த பின்னர் அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரிகிறது. யாரோ எறிந்த கண்ணாடித் துண்டும் தெரிகிறது. தனிமையும் அத்தகையதே. அரட்டையும் கைப்பேசியும் ஓய்ந்தபின் நம் உள்ளத்தில் கிடக்கும் பொறாமை, கோபம், தற்பெருமை ஆகியவை வெளிப்படுகின்றன. அதனால்தான் நம்மில் பலருக்குத் தனிமை பிடிப்பதில்லை. தனிமை அழுக்கைக் காட்டும். அதை அகற்றுபவர் இறைவனே. ஆகவே செபமில்லாத தனிமை வெறும் சோர்வையே தரும்.

சிறையில் ஒரு புனிதர்

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவல் பார்த்தார். அவர் துன்பத்தில் வாடியபோது, டச்சுப் படைத்தலைவர் தெலனாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையை எடுத்துரைத்தார். குளச்சல் போருக்குப் பின் கைதாகி, பிறகு அதே மன்னரின் படையில் பணியாற்றியவர் தெலனாய். அவர் வழியாகக் கிறிஸ்துவை அறிந்த நீலகண்டர், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நம் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

1749ஆம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர், அடித்தனர், காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினர், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தனர். வீட்டையும் பதவியையும் உற்றாரையும் இழந்த இத்தனிமை, அவர் தேடிப் பெற்றதன்று. பிறர் அவர் மேல் சுமத்தியது. வேறொருவராயின் அதில் பகையை வளர்த்திருப்பார். அவரோ அதைச் செபக்கூடமாக்கிக் கொண்டார். தம்மைக் காண வந்தவர்களுக்கு ஆறுதல் கூறினார் என்று மரபு சொல்கிறது. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தூய்மையின் அடையாளம்

சாதி வேறுபாடின்றி எல்லா மனிதரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார். அதனாலேயே மேல்நிலையில் இருந்தோர் அவரைப் பகைத்தனர் என வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. புனிதர் பட்டம் அளித்தபோது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரிக்கும் சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. சுவரின் இருபுறமும் முழந்தாளிட்டவர்கள் ஒரே பீடத்தை நோக்கித்தான் செபித்தார்கள்! உதடு செபிக்க, உள்ளம் பிறரை ஒதுக்குமானால் அது தூய உள்ளம் ஆகுமா?

நாம் செய்ய வேண்டியவை

நமக்குப் பாலைவனமும் வேண்டாம்; மலைக்குகையும் வேண்டாம். காலையில் வகுப்பு தொடங்குமுன் சிற்றாலயத்தில் 5 நிமிடம் போதும். வீட்டில் இடமில்லையெனில் எல்லாரும் உறங்கிய பின் பாயில் அமர்ந்து செபிக்கலாம். கடவுளை நம் தோழியர் எப்பெயரிட்டு வணங்கினாலும் இம்மௌனம் அனைவருக்கும் பொது. அப்போது மூன்று கேள்விகளை நம்மையே கேட்போம். இன்று யாரைப் புண்படுத்தினோம்? யாருடைய உயர்வைக் கண்டு மனம் கசந்தோம்? மதிய உணவின்போது யாரை நம் வட்டத்தில் சேர்க்காமல் விட்டோம்? மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. விடை கிடைத்தால், இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடாமல், மறுநாள் அத்தோழியிடம் நாமே சென்று பேசுவோம். காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு ஒப்புரவாக வேண்டும் என்பதன்றோ ஆண்டவரின் கட்டளை!

முடிவுரை

தனிமையில் இறைவனைச் சந்தித்தோமா என்பதை, நாம் கண்மூடி அமர்ந்த நேரத்தைக் கொண்டு அளக்க இயலாது; எழுந்து வந்தபின் பிறரை நடத்தும் விதத்தைக் கொண்டே அளக்க வேண்டும். ஆண்டுதோறும் பொங்கலையொட்டி வரும் புனித தேவசகாயத்தின் திருநாளில், வீட்டைத் தூய்மை செய்வதுபோல் உள்ளத்தையும் தூய்மை செய்வோம். பகையும் பிரிவினையும் இல்லாத இதயத்தை இறைவனிடம் கேட்டுப் பெற்று, நம் பள்ளிக்கும் நாட்டுக்கும் நல்ல மகளிராய் வாழ்வோமாக!