படகுக் கயிற்றுக்கு வெண்கலமா, பித்தளையா?

படகை அலை இழுக்கும்போது அந்த விசையைத் தாங்குவது, மேல்தளத்தில் கயிறு கட்டும் ‘கிளீட்’ எனும் இருகொம்புப் பிடிதான். அதை வெண்கலத்தில் வார்ப்பது வழக்கம். பித்தளையும் பொன்னிறம்தானே, அது போதாதா?

போதாது. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடல்நீரில் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறும். எஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த செம்பு. பிடியின் வடிவம் மாறாது; வலிமை போய்விடும். புயலில் கயிறு இழுத்தால் உடையும். வெண்கலத்திலோ செம்போடு சேர்வது முக்கியமாக வெள்ளீயம். 88% செம்பு, 10% வெள்ளீயம், 2% துத்தநாகம் கலந்த ‘கன்மெட்டல்’ கடலுக்கு ஏற்றது.

பெயரை மட்டும் நம்பக்கூடாது. ‘மாங்கனீஸ் வெண்கல’த்தில் ஏறக்குறைய 40% துத்தநாகம் உண்டு, உண்மையில் அது பித்தளை வகையே.

பிடியைச் சொந்த அளவில் செய்ய, மர மாதிரியை மணலில் பதித்து, அந்தக் குழியில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவர். உலோகம் ஆறும்போது சுருங்கும். எனவே மாதிரி சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். கயிறு உரசும் விளிம்புகளை உருட்டித் தேய்ப்பதும் அவசியம். கூரிய விளிம்பு கயிற்றை அறுத்துவிடும்.

மாணவர்களே, படகுத்துறைக்குச் சென்றால் இந்தப் பிடிகளைக் கவனியுங்கள். பச்சை படிந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால், துத்தநாகம் வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பிடியை உடனே மாற்றவேண்டும்.