கடிகாரம் காட்டிய கடல்வழி

கரை கண்ணுக்கு மறைந்தபின் மாலுமிக்கு இரண்டு வினாக்கள் எஞ்சுகின்றன. கலம் வடக்கு தெற்காக எங்கே நிற்கிறது? கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது? முதல் வினாவிற்கு வானமே விடை தந்தது. துருவ விண்மீன் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அட்சக்கோடு. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அவ்விண்மீன் தெரியாது. எனவே, போர்ச்சுக்கீசியர் நண்பகல் ஞாயிற்றின் உயரத்தை அஸ்ட்ரோலாப் என்னும் வட்டக்கருவியால் அளந்தனர். ஆடும் கப்பலில் அளவு பிழைபடும் என்பதால், 1497இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இறங்கி நின்று அளந்தார்.

இரண்டாம் வினாவிற்கு வானம் மட்டும் எளிதில் விடை தரவில்லை. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கலத்தில் நண்பகலாகும்போது புறப்பட்ட துறைமுகத்தில் மணி மூன்று என்றால், கலம் 45 பாகை மேற்கே நிற்கிறது எனலாம். ஆனால், துறைமுகத்தின் நேரத்தைக் கடலில் காத்துவரும் கடிகாரம் எங்கே? அலையாட்டத்தில் ஊசல் தடுமாறும். வெப்பத்தில் உலோகம் விரியும். குளிரில் எண்ணெய் இறுகும். ஒரு நிமிடப் பிழை நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவாகிவிடும். ஆகவே, மாலுமிகள் வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தை உத்தேசமாகவே கணித்தனர். 1707இல் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் நான்கு, இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துச் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1714இல் பிரிட்டன் நாடாளுமன்றம், தீர்க்கக்கோட்டை அரைப் பாகைக்குள் கணிக்கும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அத்தகைய கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று நியூட்டனே ஐயுற்றார். அதனைச் செய்து காட்டியவர், பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்திராத தச்சரான ஜான் ஹாரிசன். முதற்கடிகாரம் 1735இல் உருவானது. அதன் குறைகளைப் பிறர் சொல்லுமுன் தாமே சொல்லி, மேலும் கால் நூற்றாண்டு உழைத்தார். அவருடைய நான்காம் கருவி உள்ளங்கையில் அடங்கும் பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. 1761இல் அவருடைய மகன் வில்லியம் அதனுடன் ஜமைக்காவிற்குக் கப்பலேறினார். அது நாள்தோறும் பிந்தும் அளவைக் கணக்கில் கொண்டபின், 81 நாள்களில் நேர்ந்த பிழை ஐந்து நொடிகளே!

பரிசுக்குழு அதனைத் தற்செயல் என்றது. நிலவின் நகர்வைக் கொண்டே தீர்க்கக்கோட்டை அறியலாம் என நம்பிய வானியலறிஞர்கள் அக்குழுவில் இருந்தனர். கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுமாறு ஹாரிசனைப் பணித்தனர். பாதிப் பரிசே தந்தனர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பின்னர், 1773இல் நாடாளுமன்றம் மேலும் 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80. அவருடைய கடிகாரத்தின் படி ஒன்று, அவ்வேளையில் கேப்டன் குக்கின் கப்பலில் தென்கடலில் ஓடிக்கொண்டிருந்தது.