உலோகக் கண்ணாடிக்குள் அணுக்கள் நகர்வது எப்படி?

உலோகம் என்றாலே படிகம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். பி.சி.சி., எஃப்.சி.சி. என்று கட்டம் கட்டிப் படம் வரைந்து மார்க்கும் வாங்கிவிட்டோம். எந்த வரிசையும் இல்லாத உலோகமும் உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 'இது மெட்டலர்ஜிக்காரன் சமாச்சாரம்' என்று எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் வருகிறேன்.

1960-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் கிளெமென்ட், வில்லென்ஸ், டுவெஸ் என்ற மூவர், உருகிய தங்கம்-சிலிக்கன் கலவையை வினாடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர வைத்தார்கள். வரிசையில் நிற்க அணுக்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. திரவத்தில் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே உறைந்துவிட்டன. இதுதான் உலோகக் கண்ணாடி. இன்று இரும்பு-போரான்-சிலிக்கன் கலவையை உருக்கி, வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் பாய்ச்சி, சுமார் 25 மைக்ரான் தடிமனுள்ள நாடாவாக எடுக்கிறார்கள்.

அவசரமாக உறைந்த இந்த நாடாவுக்குள் இரண்டு குறைகள் உண்டு: ஒன்று உள் இறுக்கம், மற்றொன்று அணுக்களுக்கிடையே தேவைக்கு மேல் மிஞ்சிய இடம். ஆகவே படிகமாகாத அளவுக்குச் சூடாக்கி அனீலிங் செய்கிறார்கள். அப்போது அணுக்கள் மெல்ல நகர்ந்து சீராக அமர்வதைத்தான் அமைப்புத் தளர்வு என்கிறோம். படியில் அரிசியைக் கொட்டி நாலு தட்டு தட்டினால் கொஞ்சம் கீழே இறங்குமே, அந்த மாதிரிதான். அடர்த்தி கூடுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அதன் விளைவு பெரிது.

இப்போது டிஃப்யூஷனுக்கு வருவோம். படிகத்தில் அணு நகரப் பக்கத்தில் ஒரு காலியிடம் வேண்டும். சமநிலையில் அந்தக் காலியிடங்களின் எண்ணிக்கையை வெப்பநிலை தீர்மானிக்கிறது. அதே சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் டிஃப்யூஷன் எண் மாறாது. புதிதாக வார்த்த உலோகக் கண்ணாடியிலோ சூடு மாறாமலே அந்த எண் நேரமாக ஆகக் குறைந்துகொண்டு போகிறது. காரணம் என்ன? நகர்வதற்கு உதவிய உபரி இடத்தை, அணுக்கள் நகர்ந்து நகர்ந்தே தீர்த்துவிடுகின்றன! தளர்வு முடிந்த பிறகு எண் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதன் பிறகு எடுத்த அளவுகளை வைத்துத்தான் அர்ரீனியஸ் கோடு போட வேண்டும். பாதித் தளர்வில் எடுத்த புள்ளிகளை நம்பிக் கோடு போட்டால் ஆக்டிவேஷன் எனர்ஜி தப்பாக வரும்.

சரி, உபரி இடம் தீர்ந்த பிறகு எப்படி நகர்கின்றன? நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் இறங்கணும்னா பத்துப் பேர் கொஞ்சம் கொஞ்சம் விலகணும். அணுக்களும் கூட்டமாகவே அசைகின்றன. இது வெறும் யூகம் அல்ல. அணு தனியாகத் தாவினால் எடை குறைந்த ஐசோடோப் வேகமாகப் போக வேண்டும். 1990-இல் கோபால்ட் மிகுந்த ஒரு கண்ணாடியில் கோபால்ட் ஐசோடோப்புகளை வைத்துச் சோதித்தபோது, அந்த வேக வித்தியாசம் கிட்டத்தட்டக் காணப்படவே இல்லை. கூட்டத்தோடு நகரும்போது ஒருவர் எடை யாருக்குத் தெரியும்? ஹைட்ரஜன் போன்ற பொடி அணுக்கள் மட்டும் இடுக்கில் புகுந்து தனியே போய்விடும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். டிஃப்யூஷன் எண் வினாடிக்கு 10-இன் அடுக்கு மைனஸ் 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 29 நானோமீட்டர், அதாவது நூறு அணுக்கள் அளவு தூரம். இதை லேத்தில் சீவி அளக்க முடியாது. அயனிக் கற்றையால் அடுக்கடுக்காகச் சுரண்டித்தான் அளக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன? இந்த நாடாவில் செய்த கோரில், சிலிக்கன் ஸ்டீல் கோரைவிடச் சுமை இல்லாத நேர இழப்பு 60 முதல் 70 சதவீதம் வரை குறையும். டிரான்ஸ்ஃபார்மர் இரவு பகலாக மின்கம்பியில் இணைந்தே இருப்பதால் இது பெரிய மிச்சம். ஆனால் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்க அனீலிங் சரியாக அமைய வேண்டும். சூடு போதாவிட்டால் இறுக்கம் போகாது. அதிகமானால் படிகம் முளைத்து இழப்பு ஏறிவிடும். இரும்பு-போரான்-சிலிக்கன் நாடாவுக்குச் சுமார் 350 செல்சியஸ் சூடு கொடுக்கிறார்கள். 500-ஐ நெருங்கினால் படிகமாகிவிடும். சரியாகச் செய்தாலும் ஒரு விலை உண்டு. புதிதாக மடித்தால் மடங்கிய நாடா, அனீலிங்குக்குப் பின் மடித்தால் பட்டென்று ஒடியும். அதனால்தான் கோரை முதலில் வடிவமைத்துவிட்டு, பிறகு உலையில் வைக்கிறார்கள்.

நாளை இந்த மாதிரி கோர் உங்கள் கைக்கு வந்தால் தட்டாதீர்கள், வளைக்காதீர்கள். உள்ளே உள்ள அணுக்கள் தங்கள் இடத்தைத் தேடி அமர்ந்துவிட்டன. வேலை செய்யும் சூட்டில் அவை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். நாம் தொந்தரவு பண்ணாமல் இருந்தால் போதும்!