படகுக்கு எந்த பேட்டரி?

அன்புள்ள தம்பிக்கு,

பட்டினப்பாக்கம் கரையில் நிற்கும் உங்கள் பைபர் படகுக்கு எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன், அந்த பேட்டரிக்கு என்ன வேலை தரப்போகிறாய் என்று யோசித்துப் பார். உங்கள் இன்ஜினைக் கயிற்றை இழுத்தோ ஹேண்டிலைச் சுற்றியோதான் கிளப்புகிறீர்கள். ஆகவே இன்ஜினைக் கிளப்பும் வேலை பேட்டரிக்கு இல்லை, விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் ஆகிய மூன்றையும் விடியவிடிய இயங்கவைப்பதுதான் அதன் வேலை. இது புரிந்துவிட்டால், புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் கார் பேட்டரி உனக்கு ஏன் ஆகாது என்பதும் புரிந்துவிடும்.

கார் பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் அப்பளம் போல மெல்லியதாக, எண்ணிக்கையில் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காகச் செய்த அமைப்பு அது. கார் கிளம்பியதும் ஆல்டர்னேட்டர் உடனே அதை நிரப்பிவிடும். பாதிக்குக் கீழே அது இறங்குவதே அபூர்வம். அதை ராத்திரி முழுக்க உறிஞ்சி, காலையில் நிரப்பி, மறுபடி உறிஞ்சினால் தகட்டிலுள்ள பூச்சு உதிரத் தொடங்கும். இப்படிச் சில பத்து முறை அடிவரை வற்றினாலே அது ஓய்ந்துவிடும். இப்படி வற்றி வற்றி நிரம்புவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரியின் தகடு தடிமனானது, நிதானமாகக் கொடுக்கும், பலநூறு முறை தாங்கும். “கார் பேட்டரி பாதி விலைதானே?” என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு ராத்திரிக்கு என்ன செலவாகிறது என்று வகுத்துப் பார்க்கச் சொல். “அப்படியானால் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியை ஏற்றலாமே?” என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அதுவும் டீப் சைக்கிள் வகையே. ஆனால் 150 ஏ.எச். டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே இருப்பதோ திரவ அமிலம். கரையலையில் படகு தூக்கிப்போடும்போது அமிலம் சிந்தும். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமிலம் சிந்தாத, சீல் வைத்த ஏ.ஜி.எம். வகையே படகுக்குப் பொருந்தும்.

அடுத்தது அளவு. எல்.ஈ.டி. விளக்குக்கு 10 வாட், ஜி.பி.எஸ்.ஸுக்கு 7, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வயர்லெஸ்ஸுக்கு 7 என்று வைத்தால் மொத்தம் 24 வாட். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர்; 12 மணி நேரத்துக்கு 24 ஏ.எச். வயர்லெஸ்ஸில் பேசும்போது 5 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் பேச்சு சில நிமிடங்கள்தானே. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 50 ஏ.எச். கண்டிப்பாக வேண்டும். திரும்பி வரத் தாமதமாகும் ராத்திரிகளையும் கணக்கில் சேர்த்தால் 70. 2017இல் ஓகி புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போகிறவர்களைக் கரையிலிருந்து தொடர்புகொள்ள வழி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது நினைவிருக்கும். வயர்லெஸ் இருந்தும் அதற்கு பேட்டரி இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

அதற்காக 100, 150 என்று பெரிதாக வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதே. பெரும்பாலான பேட்டரிகள் சின்னதாக இருப்பதால் கெடுவதில்லை, முழுதாக நிரம்பாததால் கெடுகின்றன. குறைசார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் ஏறாது. ஈய பேட்டரி 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும், கடைசி 20-க்குத்தான் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல்தான் பலர் வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். படகில் 50 வாட் சோலார் தகடு வைத்தால், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 ஏ.எச். ஏறும், மீதியைக் கரையில் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோலாரை நம்பவே வேண்டாம். சில மணி நேரம் சும்மா வைத்த பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்: 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. ரிச்சி தெருவில் வாங்கும் சாதாரண மீட்டரே இதற்குப் போதும். பேட்டரியை வெயிலில் போடாதே. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் சுமாராகப் பாதியாகிவிடும். மூடிய அறையிலும், பெட்ரோல் கேன் பக்கத்திலும் சார்ஜ் போடாதே, ஹைட்ரஜன் வெளிவரும். உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து வாசலின் தடவு. பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ் போட மறக்காதே.

லித்தியம் வாங்கலாமா என்கிறாய். கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் 75 பேரை ஏற்றிச் செல்லும் ‘ஆதித்யா’ சோலார் படகு லித்தியத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அது அலையில்லாத காயல், கூடவே முறையான பராமரிப்பு. பட்டினப்பாக்கத்துக் கரையலைக்கு அதை அப்படியே சாட்சியாக்க முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையின் எடை ஈய பேட்டரியில் பாதிக்கும் குறைவு, சேமிப்பில் 80 சதவீதம் வரை செலவழிக்கலாம், ஆயுளும் அதிகம். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஈய பேட்டரி தீர்வதற்கு முன் விளக்கு மங்கி எச்சரிக்கும். லித்தியமோ கடைசிவரை ஒரே வெளிச்சம் காட்டும்; பிறகு உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் படக்கென்று வெட்டிவிடும். வோல்ட்மீட்டரும் மிச்சத்தைச் சரியாகச் சொல்லாது. எனவே போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணும் மீட்டர், அதற்கென்றே உள்ள சார்ஜர், நீர் புகாத பெட்டி எல்லாம் சேர்த்து வாங்க முடிந்தால் வாங்கு. இல்லாவிட்டால் ஏ.ஜி.எம். போதும். எதை வாங்கினாலும், தனி பேட்டரியுள்ள கையடக்க வயர்லெஸ் ஒன்று படகில் இருக்கட்டும்.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டுவிடாதே. உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு; புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்