குழந்தைகள் நலமும் கிராம சபையின் கடமையும்

நட்ட நாற்று வாடினால் உழவர் மறுநாளே மடையைப் பார்க்கச் செல்கிறார். அங்கன்வாடிக்குச் செல்லும் குழந்தை வாடினால் எதனைப் பார்ப்பது என்பதைப் பலர் அறியார். அதனை ஈண்டு ஆராய்வோம்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கு உணவு பெறும் உரிமையை அளித்துள்ளது. அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவு சமூகத் தணிக்கைக்கும் வகை செய்கிறது. ஆகவே, கணக்குக் கேட்க ஊராருக்கு முழு உரிமை உண்டு.

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் எடைக் கருவி பழுதுற்று நான்கு மாதங்கள் ஆயின. பதிவேட்டிலோ மாதந்தோறும் எடை எழுதப்பட்டே வந்தது. நாமும் அப்பக்கத்தைப் பார்த்துக் கையொப்பமிட்டு வந்தோம். கூலி வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர், தம் மகளின் அட்டையில் நான்கு மாதமும் ஒரே எடை இருத்தலைக் கண்டு, கிராம சபையில் எழுந்து வினவினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துப் பார்த்தபொழுது, அக்குழந்தையும் வேறு இரு குழந்தைகளும் எடை குன்றியிருந்தமை தெரிந்தது. பணியாளர் பழைய எடையையே எழுதியது தவறு. எனினும், புதிய கருவி வேண்டி அவர் இருமுறை எழுதிய கடிதங்கள் அலுவலகத்தில் கிடந்தன. அவற்றைப் பற்றிக் கேட்பார் இல்லை.

இந்நிலை நேராதிருக்க மூன்று செயல்கள் வேண்டும்.

முதலாவது, எடை பார்க்கும் நாளில் ஊராட்சி உறுப்பினர் ஒருவரும் தாய்மார் இருவரும் உடனிருத்தல். வளர்ச்சி வரைபடத்தில் பச்சைப் பகுதியினின்று மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கிய குழந்தைகள் எத்தனை பேர் எனச் சபையில் கூறுக. குழந்தையின் பெயரைக் கூறற்க. அது பெற்றோருக்கு மனவருத்தம் தரும்.

இரண்டாவது, வந்துள்ள குழந்தைகளை எண்ணி, வருகைப் பதிவோடும் அன்றைய அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கோடும் ஒப்பிடுதல்.

மூன்றாவது, கண்ட குறையைத் தீர்மானமாக்கி, அதனைத் தீர்க்க வேண்டியவர் யார், எந்நாளுக்குள் என எழுதுதல். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. முந்திய தீர்மானத்தின் விடையை அடுத்த கூட்டத்தில் முதற்கண் படித்தல் வேண்டும். விடை கேளாத தீர்மானம் மறுகால் பாய்ச்சாத பயிர் போன்றது.

பள்ளிக்கும் இம்முறை பொருந்தும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

பணியாளரைப் பழிப்பது இதன் நோக்கமன்று. அவர் எழுதிய கடிதத்திற்கு ஊரின் குரல் துணை நிற்றல் வேண்டும் என்பதே நோக்கம். அத்தாய் கேட்டது ஒரே வினா. அதனை நாமும் உறுப்பினர்களும் முதல் மாதத்திலேயே கேட்டிருப்பின், அம்மூன்று குழந்தைகளுக்கு நான்கு மாதங்கள் வீணாகியிரா.